வலது காதில் அரைக் கட்டை

டிசம்பர் 14, ஞாயிறு

சீசன் ஆரம்பித்துவிட்டது. இந்த வருஷம் முப்பத்திரண்டு கச்சேரி. பட்டியல் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்து படித்தார்.

"முப்பத்திரண்டா? சோறு யாரு பொங்கறது?"

"குக்கர் பொங்கும். மூணு விசில்ல நிறுத்துங்க, போதும்."

எங்கள் வீட்டுக்காரருக்குச் சங்கீதம் என்பது கிரிக்கெட்டுக்கு நடுவில் வருகிற விளம்பரம் மாதிரி. முப்பது வருஷமாகத் திருத்திப் பார்த்துவிட்டுக் கைகழுவிவிட்டேன்.

'முன்வரிசை' வாட்ஸாப் குழுவில் இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நடத்துகிறவர் சந்தானம் சார், கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். முந்தின நாள் கேட்ட கச்சேரியைப் பற்றி மறுநாள் காலை காபிக்கு முன்னால் எழுதிவிட வேண்டும். "காபி உள்ள போயிடுத்துன்னா மனசு இளகிடும். அப்புறம் பொய்தான் எழுதுவோம்" என்பார். காலை ஆறரைக்கு முந்நூறு பேர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து தட்டுவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அதில் சுருதி என்றால் தமயந்தி. நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் இது என் நோட்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தவள். இந்தக் காதுக்கு எதுவும் தப்பாது. நான் "சுருதி சுத்தம்" என்று இரண்டு வார்த்தை எழுதினால் அதைப் படம் பிடித்துப் போட்டுக்கொள்கிற பாடகர்கள் இருக்கிறார்கள்.

டிசம்பர் 17, புதன்

காலையில் எழுந்தபோது வலது காது அடைத்திருந்தது. தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போனால் அடைக்குமே, அப்படி. ஆனால் நேற்று தலைக்குக் குளிக்கவில்லை. சபாவில் ஏ.சி. நேராக என் மேல்தான் கொட்டியது, அதுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்தேன், திறக்கவில்லை. மிளகு ரசம் வைத்துக் கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டு மாம்பலத்துக்கு ரயில் ஏறினேன்.

டிசம்பர் 18, வியாழன்

அடைப்பு அப்படியே இருக்கிறது. கூடவே 'ங்ங்' என்று ஒரு சத்தம். ஃபிரிட்ஜ்தான் என்று நினைத்து பிளக்கைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. மேல்வீட்டு மோட்டார் என்று நினைத்தேன். மேல்வீட்டில் பூட்டு தொங்குகிறது.

டிசம்பர் 19, வெள்ளி

என் சிநேகிதி இந்திராணி சொன்னபடி பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் நான்கு சொட்டு விட்டுக்கொண்டேன். தலையணை நாசமானதுதான் மிச்சம்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமா?" என்றார் இவர்.

"சளிக்கு எதுக்கு டாக்டரு?"

"உனக்குத்தான் சளியே இல்லியே."

இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும்! சீசன் முடியட்டும், பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 21, ஞாயிறு

நேற்று மேகலா தண்டபாணி. சேலத்துப் பெண், இருபத்தைந்து வயது. ஆறு வருஷம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் காலி நாற்காலிகளுக்குப் பாடிவிட்டு, இந்த வருஷம்தான் சாயங்காலக் கச்சேரி கிடைத்திருக்கிறது. ஆசையாகப் போனேன். மூன்றாவது வரிசை.

முதல் பாட்டிலேயே உறுத்தியது. தம்புரா ஒரு இடத்தில், குரல் ஒரு இடத்தில். கல்யாணி எடுத்தாள் பாருங்கள், ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டாகப் பிளந்து வந்தது. சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி. சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இந்திராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுகளுக்கெல்லாம் காது இருக்கிறதா, கேன்டீன் போண்டாவுக்காக வருகிறதுகளா என்று எரிச்சலாக வந்தது.

காலையில் எழுதினேன். அதை இங்கே அப்படியே காப்பி பண்ணி வைக்கிறேன்: "அழகான கற்பனை. ஆனால் கச்சேரி முழுவதும் சுருதி விலகியே இருந்தது. சாயங்கால மேடைக்கு இந்தப் பெண் அவசரப்பட்டுவிட்டார். இன்னும் இரண்டு வருஷம் தம்புராவோடு உட்காரட்டும்."

சந்தானம் சார் கூப்பிட்டார். "சுருக்குனு எழுதிட்டேளேம்மா. நேக்கு ஒண்ணும் தெரியலை. ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எட்டு மணிக்குள் இருபத்தேழு பேர். "எனக்கும் லேசாக உறுத்தியது." "சொல்லத் தயங்கினேன், நீங்கள் சொல்லிவிட்டீர்கள்." இவர்களில் பாதிப் பேர் ஆறு மணிக்கு இதயம் இதயமாகப் போட்டவர்கள். இந்திராணிகூட, "ஆமா, எங்கியோ ஒரு மாதிரிதான் இருந்துச்சு" என்று எழுதினாள். உண்மையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 22, திங்கள்

நேற்று பெரிய வித்வான். பெயர் எழுத மனம் வரவில்லை. நாற்பது வருஷமாகச் சுருதிக்கு உதாரணம் சொல்கிற மனிதர்.

அவருக்கும் இரண்டாகப் பிளந்தது.

வயலினும் அப்படித்தான். திரை தூக்குவதற்கு முன்னால் மணி அடிப்பார்களே, அதுகூட. நான் கச்சேரி முழுக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏ.சி.யில் வேர்த்தது.

குழுவில் எதுவும் எழுதவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

இவர் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து போனில் தம்புராவைப் போட்டேன். ஐந்து கட்டை சுருதி. இடது காதில் வைத்தேன், ஐந்து கட்டை. வலது காதில் வைத்தேன், ஐந்தரை. சத்தம் சின்னதாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல, ஆனால் சந்தேகமில்லாமல் அரைக் கட்டை தூக்கலாக இருந்தது.

பதினொரு தடவை வைத்துப் பார்த்தேன். போன் கைநழுவித் தரையில் விழுந்து மூலை உடைந்துவிட்டது.

போனில்தான் ஏதோ கோளாறு.

டிசம்பர் 24, புதன்

இவர் போனிலும் அதே.

டிசம்பர் 26, வெள்ளி

நேற்று இரண்டு கச்சேரிக்குப் போனேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. இந்திராணியை இடது பக்கம் உட்காரவைத்தேன். வலது காதைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, குளிருகிறது என்றேன். ஒரு காதை மூடினால் பிளவு தெரிவதில்லை. ஆனால் பாதி ஹால் இருட்டாகப் போன மாதிரி இருக்கிறது.

காலையில் மற்றவர்கள் எழுதும்வரை காத்திருந்து, இரண்டு வரி சந்தானம் சாரிடமிருந்தும், ஒரு வரி குழுவில் இருக்கிற மாம்பலம் டீச்சரிடமிருந்தும் எடுத்து, என் பாஷையில் மாற்றி எழுதினேன். ஐம்பது பேர் கைதட்டினார்கள். "தமயந்தி மேடத்தின் காதுக்குத் தங்கத்தில் கவசம் போட வேண்டும்" என்று ஒருவர். படித்துவிட்டுக் குளியலறையில் போய் நின்றேன்.

மேகலாவிடமிருந்து செய்தி வந்து ஐந்து நாளாகிறது. "வணக்கம் ஆன்ட்டி, எந்த இடத்தில் விலகியது என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்." பதில் போடவில்லை. இன்று இந்திராணி ஒரு சேதி சொன்னாள். ஜனவரி பத்தாம் தேதி வேறொரு சபாவில் மேகலாவுக்கு இருந்த சாயங்காலக் கச்சேரியை எடுத்துவிட்டார்களாம். அந்த சபாவின் செயலாளர் நம் குழுவில்தான் இருக்கிறார்.

"உன் குறிப்பைப் படிச்சிட்டுத்தான்னு சொல்றாங்க" என்றாள் இந்திராணி. அதில் அவளுக்குப் பெருமை வேறு.

டிசம்பர் 29, திங்கள்

இனிமேல் தாங்காது என்று நானே இவரிடம் சொன்னேன். எதுவும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முப்பத்தோரு வருஷம் மாட்டிய அதே மாதிரி சாமான்தான். இடது காதுக்கு டக் டக்கென்று அழுத்தினேன். வலது காதுக்கு மாற்றினார்கள். ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதிக்கிற பெண்ணின் கை திருகிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் சத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

டாக்டரம்மா சின்ன வயசு. "இது அடைப்பு இல்லம்மா. உள்காது பாதிச்சிருக்கு. திடீர்னு வரும், பல பேருக்குக் காரணமே தெரியாது. ஒரே சத்தம் ரெண்டு காதுலயும் வேற வேற மாதிரி கேக்குதா?"

தலையாட்டினேன்.

"எத்தன நாளா?"

"ரெண்டு நாளாத்தான்" என்றேன். வாய் அப்படி வந்துவிட்டது.

பக்கத்திலிருந்து இவர் சொன்னார்: "பதினேழாம் தேதிலேர்ந்து டாக்டர். அன்னிக்குத்தான் போனை இடது காதுக்கு மாத்தினா. சோபாலயும் எடம் மாறி உக்காந்தா."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட்டை மட்டும்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "பன்னண்டு நாள். மொத ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா நல்லா புடிச்சிருக்கலாம். இப்பவும் ட்ரை பண்ணுவோம். மாத்திரை, அப்புறம் காதுக்குள்ள ஊசி. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்."

ஆட்டோவில் வரும்போது, "ஏன் முன்னாடியே என்கிட்ட சொல்லலை?" என்று இவரிடம் சண்டை போட்டேன்.

"சொன்னேனே. சளின்னியே" என்றார்.

ஜனவரி 1, வியாழன்

மாத்திரை பொல்லாத பசியைக் கிளப்புகிறது. காலையில் ஏழு இட்லி சாப்பிட்டேன். நேற்று முதல் ஊசி. செவிப்பறை வழியாகக் குத்துகிறார்கள், தொண்டையில் கசந்தது. வீடே ஒரு சுற்றுச் சுற்றியது.

எழுந்ததும் முதல் வேலையாக இடது காதுப் பக்கம் விரலைத் தேய்த்துப் பார்க்கிறேன். கேட்கிறது. அரை மணி கழித்து மறுபடி தேய்க்கிறேன். பயமாக இருக்கிறது. இதுவும் போய்விட்டால் நான் யார்? குக்கர் விசில் எண்ணுகிற பொம்பளை. அதுவும் எண்ண முடியாது.

குழுவில் புத்தாண்டு வாழ்த்து போட்டேன். இருபத்தோராம் தேதி எழுதியதைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அங்கேயேதான் இருக்கிறது.

ஜனவரி 5, திங்கள்

பதினோரு மணிக்கு அழைப்பு மணி. கதவைத் திறந்தால் மேகலா. சந்தானம் சாரிடம் விலாசம் வாங்கி வந்திருக்கிறாள். மேடையில் பார்த்ததைவிட ஒல்லி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மன்னிச்சிக்கங்க ஆன்ட்டி, சொல்லாம வந்துட்டேன். மெசேஜ் பாக்கலை போல." என் வலது காதுப் பஞ்சைப் பார்த்தாள். "காது வலியா?"

"குளிரு" என்றேன்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்குக் கோவம்லாம் இல்ல ஆன்ட்டி. எந்த இடம்னு மட்டும் காட்டுங்க. அன்னிக்கு ரெகார்டிங்க நாப்பது தடவ கேட்டுட்டேன். எனக்கு எங்கயுமே தெரியல."

காதுப் பஞ்சை உள்ளே அழுத்திவிட்டுக்கொண்டேன்.

"உங்க காது தப்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்குத் தெரியறது எனக்குத் தெரியலைன்னா என் காதுலதான கோளாறு? மறுநாளே அம்மா காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. எல்லாம் நார்மல்னுட்டாங்க. நார்மல்னா ஏன் தெரியலைன்னு அதுக்கப்புறம்தான் ரொம்பப் பயமாயிடுச்சு."

மறுநாளே போயிருக்கிறாள். நான் என் காது அடைத்ததும் எண்ணெயை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போனில் தம்புராவைப் போட்டு டீப்பாயில் வைத்தாள். பாடுவதற்கு முன்னால் வாயைத் திறந்து மூடினாள், இரண்டு தடவை. அப்புறம் அதே கல்யாணி. நான் வலது உள்ளங்கையால் பஞ்சின் மேல் அழுத்திக்கொண்டேன். இடது காதில் மட்டும் கேட்டேன்.

ஐயோ. இழைத்து வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு நூல் விலகவில்லை.

நிறுத்தினாள். "இங்கயா ஆன்ட்டி?"

"இல்ல."

மேலே போனாள், பஞ்சமத்தில் நின்றாள். "இங்க?"

"இல்லம்மா."

"அப்ப எங்க?"

சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அதோடு தமயந்தி முடிந்தாள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "அன்னிக்கு மைக்செட்டு சரியில்லியோ என்னவோ" என்றேன்.

"மைக்கு நல்லாத்தான் இருந்துச்சு ஆன்ட்டி." பிறகு போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போட்டு வைத்த காபியைத் தொடவில்லை.

இவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். "அந்தப் பொண்ணு நல்லாத்தான பாடிச்சு?"

"உங்களுக்கு என்ன தெரியும் சங்கீதத்தப் பத்தி!"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ ஒரு காதைப் பொத்திக்கிட்டுக் கேட்டது தெரிஞ்சுது."

ஜனவரி 6, செவ்வாய்

எழுதலாம் என்று ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். காபி குடித்துவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

மூன்று ஊசி ஆகிவிட்டது. மறுபடி கண்ணாடிப் பெட்டி. போன தடவை எடுத்த பரிசோதனைக் காகிதத்தையும் இன்றைக்கு எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார் டாக்டரம்மா. கோடு அசையவில்லை.

"இனிமே வருமா?"

"பெருசா எதிர்பாக்காதீங்கம்மா. இடது காதைப் பத்திரமா பாத்துக்குங்க. அதுல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா அன்னிக்கே வரணும். அன்னிக்கே."

அந்த வார்த்தையை இரண்டு தடவை சொன்னார். வெளியே வந்து மருந்துக் கடை முன்னால் நின்று அழுதேன். இவர் என் வலது பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார், கேட்கவில்லை. பிறகு சுற்றி வந்து இடது பக்கம் நின்றுகொண்டு, "வீட்டுக்குப் போலாம்" என்றார்.

ஜனவரி 9, வெள்ளி

ஆறு இருபத்தைந்துக்கு எழுதினேன். எழுத்து எழுத்தாகத் தப்பியது. இதுதான்:

"டிசம்பர் 20 மேகலா தண்டபாணி கச்சேரி பற்றி. சுருதி எங்கேயும் விலகவில்லை. மூன்று நாள் முன்பே என் வலது காது கெட்டுவிட்டது, அதில் எல்லாமே அரைக் கட்டை தூக்கலாகக் கேட்கிறது. டாக்டரிடம் போகாமல் கச்சேரிக்கு வந்தேன். என் காதைச் சந்தேகப்படாமல் அந்தப் பெண்ணின் குரலைச் சந்தேகப்பட்டேன். 23ஆம் தேதியே எனக்கு இது தெரியும். தெரிந்தும் பதினேழு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். 26ஆம் தேதி நான் எழுதியது உங்களிடமிருந்து திருடியது. இந்தப் பெண்ணின் கச்சேரியை எடுத்தவர்கள் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். தமயந்தி சபாபதி."

இருபது நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. முந்நூறு பேர் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. அப்புறம் ஆரம்பித்தார்கள். "எனக்கு அன்றைக்கே சுருதி சுத்தமாகத்தான் பட்டது." "சொல்லத் தயங்கினேன்." அதே இருபத்தேழு பேர்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சந்தானம் சார் போன் பண்ணினார். "நானும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லலையேம்மா" என்றார். செயலாளரிடம் அவர் விசாரித்துவிட்டாராம். பத்தாம் தேதிக்கு வேறு ஆளுக்கு அச்சடித்தாகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாதாம்.

பத்து மணிக்கு மேகலா கூப்பிட்டாள். இடது காதில் வைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தப்பவே தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியும்மா."

"பதினாறு நாளா வீட்ல கூட வாயத் தொறக்காம இருந்தேன். உங்க முன்னாடிதான் மொதத் தடவ பாடினேன். அப்பக்கூட சொல்லலியே நீங்க."

வைத்துவிட்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு

சந்தானம் சார் நங்கநல்லூரில் ஒரு சின்ன ஹால் பிடித்து மேகலாவைப் பாடக் கூப்பிட்டிருந்தார். மத்தியானம் இரண்டு மணி. குழுவில் நாற்பது பேர் வந்தார்கள். நான் போவதா வேண்டாமா என்று மூன்று நாளாகத் தவித்தேன். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் நடுங்கிவிட்டால்? கடைசியில் இவரே கிளம்பி நின்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

கடைசி வரிசையில், ஹாலின் வலது ஓரத்தில், இடது காது மேடைக்கு நேராக வருகிற மாதிரி உட்கார்ந்தேன். வலது காதில் பஞ்சு. மேகலா உட்கார்ந்ததும் ஒரு தடவை ஹாலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாளா தெரியாது.

பாடுவதற்கு முன்னால் தம்புராப் பக்கம் குனிந்து காதைச் சாய்த்தாள். நிமிர்ந்தாள். சந்தேகமாக மறுபடி குனிந்தாள். வயலின்காரரைக் கண்ணாலேயே கேட்டாள், அவர் தலையசைத்த பிறகுதான் ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்தது. இரண்டாவது பாட்டுக்கும் குனிந்தாள், மறுபடி வயலின்காரரைப் பார்த்தாள். மூன்றாவதுக்கும் அப்படியே. டிசம்பரில் அவள் இப்படிச் செய்யவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேனே, எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே நேராகப் பாட ஆரம்பித்த பெண் அவள். இந்தப் பயம் நான் கொடுத்தது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும், அடுத்ததற்குக் குனிவாளோ என்று பயந்தேன். ஏழு பாட்டுக்கும் குனிந்தாள்.

"எதுக்கு அது அடிக்கடி குனியுது?" என்று இவர் இடது பக்கம் வந்து கேட்டார்.

ஏழாவது முடிந்து கைதட்டினார்கள். மேகலா தண்ணீர் குடித்தாள், பாட்டிலை மூடி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். குனியவில்லை. யாரையும் பார்க்கவில்லை. அப்படியே பாட ஆரம்பித்துவிட்டாள்.

நான் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, எங்கே நடுவில் நிறுத்திவிடுவாளோ என்று அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. முழுசாகப் பாடி முடித்தாள்.

வெளியே வந்ததும் இந்திராணி, "கடைசியா பாடினாளே, அது என்ன ராகம்?" என்று கேட்டாள்.

"தெரியலை. கவனிக்கலை" என்றேன்.